பாறையிடம் பூர்வீகம் கேட்பது

திருமயம் கோட்டைக் குன்றையோ, பிள்ளையார்பட்டிக் குடைவரைக்கு மேலே எழுந்து நிற்கும் பாறையையோ காட்டி, "இதுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று ஊருக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "எந்த வயதைக் கேட்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரு பொருளுக்கு ஒரு வயதுதானே இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றும். பாறைக்கு அப்படியில்லை. உருகிக் கிடந்தது இறுகிக் கல்லான காலம் ஒன்று. அந்தக் கல் மறுபடியும் ஆழத்தில் புதைந்து, வெந்து, உருமாறிய காலம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் முந்தியது மூன்றாவது வயது: அந்தக் கல்லுக்கான சரக்கு, பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசம் என்ற தடித்த அடுக்கிலிருந்து முதன்முதலாகப் பிரிந்து மேலோட்டுக்கு வந்து சேர்ந்த காலம். கண்ணுக்கும் உளிக்கும் நுண்ணோக்கிக்கும் பிடிபடாத அந்த மூன்றாவது வயதைத் தேடுவதில்தான் எனக்கு இத்தனை வருட ஈடுபாடு.

இதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நகரத்தார் வீடுகளில் வரன் பேசும்போது பிறந்த தேதி, ஜாதகம் எல்லாம் பிறகுதான் வரும். முதலில் வரும் கேள்வி, "எந்தக் கோவில்?" இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்றைச் சொன்னால், அந்தக் குடும்பம் எந்த வழியில் வந்தது என்பது விளங்கிவிடும். பையன் போன தலைமுறையில் கோலாலம்பூரில் பிறந்திருக்கலாம், பெண் சென்னையில் வளர்ந்திருக்கலாம். கோவில் மாறாது. பாறை இறுகிய காலம் அதன் பிறந்த தேதி என்றால், அதற்குள் இருக்கும் ஐசோடோப்பு விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்ற கணக்கு, அது எந்தக் கோவில் என்று சொல்கிற பதில்.

காரைக்குடிக்குள்ளேயே நின்றுகொண்டு தேடினால் இந்தப் பாறை அகப்படாது. ஊருக்குக் கீழே செம்மண், அதற்கடியில் செம்புராங்கல், அதற்கும் கீழே மணற்கல். ஊருணிப் படிக்கட்டுகளிலும் பழைய மதில்களிலும் துளைத்துளையாகத் தெரிகிற அந்தச் சிவப்புக் கல்லும், சம்பை ஊற்றில் நல்ல தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் மணற்கல்லும் நிலவியல் கணக்கில் மிகச் சமீபத்தியவை. பழைய பாறை வெளியே தலைகாட்ட வேண்டுமானால் மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, பிரான்மலைப் பக்கம் போகவேண்டும், அல்லது வடக்கே திருமயம், சித்தன்னவாசல் பக்கம். அங்கே தரையைப் பிளந்துகொண்டு வந்ததுபோல் நிற்கிற குன்றுகள்தான் தென்னிந்தியாவின் அடித்தளம். அவற்றில் பல, ஒரு காலத்தில் தரைக்குக் கீழே இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருந்து வெந்தவை. மேலே கிடந்த அத்தனையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போய், அடிப்பாகம் இன்று நம் காலுக்குக் கீழே இருக்கிறது.

கோவில் திருப்பணி நடந்த இடம் ஒன்றில் வயதான கல்தச்சர் ஒருவருடன் உட்கார்ந்திருந்தேன். தூணுக்காக வந்து இறங்கியிருந்த கல்லில் ஓர் இடத்தை உளியால் தட்டிக் காட்டினார். சாம்பலும் வெள்ளையுமாக வரிவரியாக ஓடிய கல்லின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு திட்டு. சுற்றிலும் வரிகள் அதை வளைத்துக்கொண்டு போயிருந்தன.

"தம்பி, இந்தச் சத்தத்தைக் கேளுங்க. இங்க ஒரு மாதிரி, இந்தா இங்க ஒரு மாதிரி. இது ஒரே உடம்பு இல்ல. உள்ள வேற கல்லு மாட்டிக்கிட்டு இருக்கு. இதத் தூணுக்குப் போட்டா இந்த எடத்துலதான் தெறிக்கும்."

"எது முதல்ல வந்திருக்கும்னு நினைக்கிறீங்கய்யா?"

"உள்ள இருக்குறதுதான். வெளிய இருக்குறது வந்து சூழ்ந்திருக்கு. வரி வளையுது பாருங்க."

அவர் சொன்னது நல்ல நிலவியல். அந்தக் கறுப்புத் திட்டுக்கு இரண்டு வரலாறுகள் சாத்தியம். உருகிய குழம்பு மேலேறும்போது வழியில் இருந்த பழைய பாறையைப் பிய்த்து விழுங்கியிருக்கலாம். அல்லது அதே காலத்தில் கவசத்திலிருந்து வந்த இன்னொரு குழம்பு, கலந்தும் கலவாமலும் உறைந்திருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், வரிகளும் இரண்டு விதத்திலும் வளையும். ஒன்று பழைய குடி, மற்றொன்று அப்போதுதான் ஆழத்திலிருந்து வந்தது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் ஐசோடோப்பு வேண்டும்.

முதலில் பிறந்த தேதி. அதற்கு உதவுவது சிர்கான் என்ற சின்னஞ்சிறு மணி. கருங்கல், வரிவரியாக உருமாறிய நைஸ், சார்னோகைட் என்று பெரும்பாலான பழைய பாறைகளில் இது கொஞ்சமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். அது படிகமாகும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடுகிறது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம், யுரேனியம் சிதைந்து உண்டானது என்று நம்பலாம். யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235 பாதியாக சுமார் 70 கோடி ஆண்டு. முன்னது ஈயம் 206 ஆகிறது, பின்னது ஈயம் 207. ஒரே மணிக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கணக்குகள். இரண்டும் ஒரே விடையைத் தந்தால் அந்த மணி இடையில் எதையும் இழக்கவில்லை. விடைகள் விலகினால், எப்போதோ ஒரு சூட்டில் ஈயம் கசிந்திருக்கிறது. இந்தப் பொருத்தத்தை ஒரு வளைகோட்டில் வைத்துப் பார்க்கும் முறையை 1956-இல் ஜார்ஜ் வெதரில் கொடுத்தார். இன்றும் எங்கள் துறையில் எல்லோரும் அந்தக் கோட்டின் மேல்தான் புள்ளி வைக்கிறார்கள்.

மணியைப் பாறையிலிருந்து பிரிப்பது முழுக்க உடல் உழைப்பு. கல்லைச் சம்மட்டியால் உடைத்து, இரும்பு உரலில் இடித்து, சலித்து, தண்ணீரில் அலசிக் கனமான பொடியை மட்டும் ஒதுக்கவேண்டும். பிறகு அதை புரோமோஃபார்ம் என்ற கன திரவத்தில் கொட்டுவார்கள். அதன் அடர்த்தி 2.9-க்குச் சற்றுக் குறைவு. குவார்ட்ஸ் 2.65, அதனால் மிதக்கும். சிர்கான் 4.6-க்கும் மேல், அதனால் அடியில் போய்ச் சேரும். கூடவே இறங்கும் கார்னெட், இல்மனைட் போன்றவற்றைக் காந்தம் இழுத்துவிடும். மிஞ்சியதை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி வரிசை கட்டவேண்டும். பத்து கிலோ கல்லைக் கொண்டு வந்து, கடைசியில் கையில் இருப்பது ஒரு கடுகளவு. அதை எபாக்சியில் பதித்து, மணிகள் பாதி வயிறு தெரியும்வரை தேய்த்து மெருகேற்றி, எலெக்ட்ரான் கற்றையின் கீழ் வைத்தால் அவை ஒளிர்கின்றன.

அந்த ஒளியில் தெரிவதுதான் என்னை இந்தத் துறையிலேயே கட்டிப்போட்டது. கண்ணுக்குச் சீரான ஒற்றைப் படிகமாகத் தெரிந்தது, உள்ளே ஒரு கரு, அதைச் சுற்றி நெருக்கமான பட்டைகள், அதற்கும் வெளியே பட்டையே இல்லாத வெளிறிய ஓர் ஓரம் என்று விரியும். கருவின் முனைகள் சில சமயம் மழுங்கியிருக்கும். அதாவது அந்தக் கரு ஒரு காலத்தில் ஆற்று மணலாக உருண்டு தேய்ந்திருக்கிறது. பிறகு அந்த மணல் இறுகிக் கல்லாகி, கல் ஆழத்துக்குப் போய் உருகி, உருகிய குழம்பில் இந்த மணி மட்டும் உருகாமல் நின்று, தன்மேல் புதிய பட்டையை வளர்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த இன்னொரு சூட்டில் வெளி ஓரம் முளைத்திருக்கிறது. லேசர் கற்றையை முப்பது மைக்ரான் அகலத்துக்குக் குறுக்கி, கருவில் ஒரு புள்ளி, பட்டையில் ஒரு புள்ளி, ஓரத்தில் ஒரு புள்ளி என்று சுட்டால் மூன்று வயது வரும். மூன்றும் சரி.

சிர்கான் இப்படிப் பாறையைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்பதால்தான் பூமியின் மிகப் பழைய துண்டு பாறையாக இல்லாமல் மணியாக இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் ஒன்றின் வயது சுமார் 440 கோடி ஆண்டு. அது கிடைத்த கூழாங்கற்பாறை அதைவிட நூறு கோடி ஆண்டுக்கும் மேல் இளையது. முழுப் பாறையாக நிற்பவற்றில் கனடாவின் அகாஸ்டா நைஸ் சுமார் 400 கோடி ஆண்டு. நம் நாட்டிலும் ஒடிசாவின் சாம்புவா பகுதிப் பாறையிலிருந்து சுமார் 424 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் மணிகளை 2018-இல் வெளியிட்டார்கள். அங்கும் பாறை இளையது, அது சுமந்து வந்த மணிதான் முதியது. "உலகின் பழமையான பாறை கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வரும்போதெல்லாம், பாறைக்கா, மணிக்கா, மூலத்துக்கா என்று உள்ளே தேடிப் படியுங்கள். மூன்றையும் ஒன்றாக்கி எழுதுவது வாசகனை ஏமாற்றுவது என்றே நான் நினைக்கிறேன்.

இனி பூர்வீகத்துக்கு வருகிறேன். சமாரியம், நியோடிமியம் என்று இரண்டு அருமண் தனிமங்கள். சமாரியம் 147 மிக மெதுவாகச் சிதைந்து நியோடிமியம் 143 ஆகிறது. அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 10,600 கோடி ஆண்டு. பூமிக்கே 455 கோடிதான் வயது என்பதால் மாற்றம் மிகமிகச் சிறியது. பூமி பிறந்தபோது நியோடிமியம் 143-க்கும் 144-க்கும் இருந்த விகிதம் சுமார் 0.5067. இன்று, மேலோடும் கவசமும் பிரியாத பூமி ஒன்றை நினைத்துக்கொண்டால், அது 0.5126. இத்தனை கோடி ஆண்டில் மூன்றாவது தசமத்தில்தான் ஆறு நகர்ந்திருக்கிறது. ஆனால் கருவிகள் ஆறாவது தசமம்வரை அளக்கின்றன.

சூட்சுமம் எங்கே என்றால், கவசம் லேசாக உருகும்போது இந்த இரண்டு தனிமங்களும் சம அளவில் குழம்புக்குள் போவதில்லை. நியோடிமியம் கொஞ்சம் சுலபமாகக் குழம்புக்குப் போய்விடும், சமாரியம் கொஞ்சம் அதிகமாகக் கவசத்திலேயே தங்கும். அந்தக் குழம்புதான் மேலோடு ஆகிறது. ஆகவே மேலோட்டில் நியோடிமியத்தை ஒப்பிடும்போது சமாரியம் குறைவு, அதனால் நியோடிமியம் 143 அங்கே மந்தமாக வளர்கிறது. கவசத்தில் வேகமாக வளர்கிறது. ஒரே இடத்தில் கிளம்பிய இரண்டு கோடுகள் காலம் போகப்போக விலகுகின்றன. இன்றைய கவசத்தில் அந்த விகிதம் 0.5131-க்கும் மேல். மிகப் பழைய மேலோட்டில் 0.511 சுமாருக்கு இறங்கிக் கிடக்கும். ஒரு பாறையை எடுத்து அதன் இன்றைய விகிதத்தையும் சமாரிய அளவையும் அளந்து, கோட்டைப் பின்னோக்கி ஓட்டி, அது கவசத்தின் கோட்டைத் தொடும் இடத்தைப் பார்த்தால், அந்தச் சரக்கு கவசத்தை விட்டுக் கிளம்பிய காலம் வரும். துறையில் இதை மாடல் ஏஜ் என்பார்கள். நான் மூல வயது என்று எழுதுகிறேன்.

பாறை நடுவில் உருகட்டும், உறையட்டும், வரிவரியாக நசுங்கட்டும். சமாரியமும் நியோடிமியமும் வேதியியலில் அவ்வளவு நெருங்கியவை என்பதால், மேலோட்டுக்குள்ளேயே நடக்கும் கூத்துகளில் அவற்றின் விகிதம் பெரிதாகக் கலைவதில்லை. கவசத்தை விட்டுப் பிரிந்த அந்த முதல் பிரிவுதான் பெரிய பிரிவு. அதனால்தான் இந்தக் கணக்கு செல்லுபடியாகிறது. இதே தர்க்கம் லுட்டீசியம், ஹாஃப்னியம் ஜோடிக்கும் பொருந்தும். லுட்டீசியம் 176 சுமார் 3,700 கோடி ஆண்டு அரை ஆயுளோடு ஹாஃப்னியம் 176 ஆகிறது. இதில் ஒரு கூடுதல் வசதி: சிர்கான் மணிக்குள் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு ஹாஃப்னியமே இருக்கிறது, லுட்டீசியமோ மிகச் சொற்பம். எனவே மணி பிறந்த நொடியில் குழம்பில் இருந்த ஹாஃப்னிய விகிதம் அப்படியே உறைந்து நிற்கிறது. யுரேனியத்துக்காகச் சுட்ட அதே குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி சுட்டால், பிறந்த தேதியும் பூர்வீகமும் ஒரே மணியிலிருந்து, ஒரே பட்டையிலிருந்து வந்துவிடும்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இலங்கையைத்தான் நான் எப்போதும் உதாரணம் காட்டுவேன். தொண்டிக் கடற்கரையில் நின்றால் எதிரே கடலுக்கு அப்பால் இருக்கிற அதே இலங்கை. அங்கே பாறைகளில் பெரும்பாலானவை ஆழத்தில் வெந்தவை. நேரில் பார்த்தால் எது எதோடு சேர்ந்தது என்று சொல்வது கடினம். 1988-இல் மிலிசெந்தாவும் அவருடைய சகாக்களும் தீவு முழுவதும் பாறைகளின் நியோடிமிய மூல வயதை அளந்து வரைபடம் போட்டார்கள். நடுவில் மலைநாட்டுப் பகுதியில் 220 முதல் 300 கோடி ஆண்டு. அதற்குக் கிழக்கே விஜயன், மேற்கே வன்னி ஆகிய இரண்டு பகுதிகளிலும் 100 முதல் 200 கோடிக்குள். ஒரே தீவுக்குள் பழைய குடி ஒன்று, இளைய குடிகள் இரண்டு, எல்லாம் பிறகு ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டவை. தரையில் நடந்து பார்த்து வரைய முடியாத எல்லைகளை அளவீடு வரைந்தது. மண்ணுக்கு மேலே ஒன்றாய்த் தெரிவது அடியில் ஒன்றல்ல என்று நிரூபித்த அந்த வேலையை, இந்தத் துறையின் அழகான வேலைகளில் ஒன்றாக வைப்பேன்.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 1994-இல் ஹாரிஸ், சந்தோஷ், டெய்லர் மூவரும் தென்னிந்தியா முழுக்க நியோடிமியத்தை அளந்து எழுதினார்கள். தென்கேரளத்து அச்சன்கோவில் பிளவை ஒட்டிய பாறைகளின் மூல வயது, அதற்கு வடக்கிலும் தெற்கிலும் இருப்பவற்றைவிடத் தெளிவாகக் குறைவு என்று அந்தக் காலத்து ஆய்வுகளில் தெரிந்தது. உடனே கடல் தாண்டிய ஒப்பீடு தொடங்கியது. இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் நம்மோடு ஒட்டியிருந்த கோண்டுவானாவில் எது எதன் தொடர்ச்சி என்ற கேள்விக்கு, பாறையின் நிறத்தைவிட மூல வயது நம்பகமான சாட்சி. 2004-இல் கோஷ், டி விட், ஜார்ட்மேன் மூவரும் கரூர், கம்பம், பைனாவு, திருச்சூர் வழியாக ஓடும் ஓர் எல்லையைச் சொன்னார்கள். பாலக்காடு, காவிரிப் பிளவுதான் வடக்குப் பழம்பாறைகளின் தெற்கு எல்லை என்று அதுவரை நினைத்திருந்தவர்களுக்கு அது புதுக் கேள்வியாக இருந்தது. அந்தக் கோட்டுக்கு வடமேற்கே 250 கோடி ஆண்டுப் பாறைகள் நிற்கின்றன. தென்கிழக்கே, அதாவது செட்டிநாடு இருக்கும் பக்கம், 100 கோடி, 80 கோடி ஆண்டு அளவில் உருகி எழுந்த பாறைகள் நிறைய. கரூர் மாவட்டத்துக் கடவூரில் கிண்ணம் போன்ற மலைச்சுற்றுக்குள் இருக்கும், உருகி உறைந்த அனார்தோசைட், கேப்ரோ பாறைகள் சுமார் 83 கோடி ஆண்டு. கொஞ்சம் வடக்கே நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி அனார்தோசைட்டோ சுமார் 250 கோடி. பெயரிலும் தோற்றத்திலும் இரண்டும் ஒரே குடும்பம், நடுவில் 160 கோடிக்கும் மேல் ஆண்டு இடைவெளி.

இந்தப் பழையதையும் புதியதையும் சேர்த்து, சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் கோண்டுவானா கூடியபோது எல்லாம் மறுபடி வெந்தது. தேனிப் பக்கம் கெங்குவார்பட்டிப் பாறைகளில் 900 டிகிரி செல்சியஸுக்கும் மேல் போன சூட்டின் தடயம் கிடைக்கிறது. சிர்கான் மணிகளின் வெளி ஓரத்தில் திரும்பத் திரும்ப வருகிற வயது இந்தச் சூட்டுடையதுதான். ஓரத்தை மட்டும் அளந்தவருக்கு மதுரை வட்டாரம் முழுவதும் ஒரே வயது, 55 கோடி. கருவை அளந்தவருக்கு வேறு உலகம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகளிலேயே இது சில சமயம் நழுவுகிறது. மூல வயது என்று வரும் எண், எப்போதும் ஏதோ ஒன்று நடந்த காலம் அல்ல. 80 கோடி ஆண்டுக்கு முன் கவசத்திலிருந்து புதுக் குழம்பு ஒன்று எழுகிறது. வழியில் 300 கோடி ஆண்டுப் பழைய மேலோட்டை உருக்கி விழுங்குகிறது. அதன் நியோடிமியத்தில் பாதி கவசத்துடையது, பாதி பழம்பாறையுடையது என்று வையுங்கள். உறைந்த கல்லை எடுத்து அளந்தால் மூல வயது சுமார் 180, 190 கோடி என்று வரும். அந்தக் காலத்தில் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு பாறைகூடப் பிறக்கவில்லை. இரண்டு வெவ்வேறு கோவில் பதில்களைக் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண் அது. ஒற்றை அளவீட்டில் வந்த மூல வயதை வைத்துக்கொண்டு "இந்தக் காலத்தில் கண்டம் வளர்ந்தது" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

இப்படி மூலங்கள் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரே பாறையின் பல மணிகளில் ஹாஃப்னியத்தை அளக்கவேண்டும். எல்லா மணியும் ஒரே விகிதத்தைக் காட்டினால் மூலம் ஒன்று. கவசத்துக்கும் பழம்பாறைக்கும் நடுவே சிதறிக் கிடந்தால் கலப்பு. கூடவே ஆக்சிஜனும் சாட்சி சொல்லும். கவசக் குழம்பில் நேராகப் பிறந்த சிர்கானில் ஆக்சிஜன் 18-இன் அளவு கடல்நீரை அளவுகோலாக வைத்தால் ஆயிரத்துக்கு 5.3 கூடுதல், அதிலிருந்து மிகக் கொஞ்சம்தான் விலகும். வெயிலும் மழையும் பட்டுச் சிதைந்து களிமண்ணாகி, பிறகு புதைந்து உருகிய சரக்கு சேர்ந்தால் அந்த எண் ஆறரை, ஏழு, எட்டு என்று ஏறும். ஆக யுரேனியமும் ஈயமும் எப்போது என்று சொல்ல, ஹாஃப்னியம் எதிலிருந்து என்று சொல்ல, ஆக்சிஜன் அந்தச் சரக்கு ஒரு தடவையாவது தரைக்கு மேலே வந்து தண்ணீரைப் பார்த்ததா என்று சொல்கிறது. மூன்றும் ஒரே மணியில். கல்தச்சர் தட்டிக் காட்டிய கறுப்புத் திட்டுக்கும் இதே வழிதான். திட்டையும் சுற்றுக் கல்லையும் தனித்தனியே அளந்து, இரண்டும் உறைந்த காலத்து விகிதத்துக்குப் பின்னோக்கிக் கொண்டுபோனால், திட்டு கவசத்தின் பிள்ளையா, பழம்பாறையின் துண்டா என்பது தெரியும்.

சிவகங்கைப் பக்கத்துக் கிராஃபைட்டையும் இதோடு சேர்த்தே யோசிக்கவேண்டும். பென்சிலுக்கும் மூசைக்கும் போகிற அந்தக் கறுப்புச் செதில்கள், இதே வெந்த பாறைகளுக்குள் இருக்கும் கார்பன். உயிர்கள் விட்டுப்போன கார்பன் என்றால் கார்பன் 13 குறைந்து, ஆயிரத்துக்கு இருபத்தைந்து அளவில் கீழே கிடக்கும். கவசத்துக் கார்பன் ஐந்து, ஆறு அளவில்தான் கீழே இருக்கும். உயிர் வழி வந்தது என்று காட்டும் செதில் ஒவ்வொன்றும், அந்த நைஸ் ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்தது என்பதற்குச் சாட்சி.

இவ்வளவு நுணுக்கமான அளவீட்டில் அழுக்கு பெரிய எதிரி. இந்த இடத்தில் கிளேர் பேட்டர்சனை நினைக்காமல் கடக்க முடிவதில்லை. பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று விண்கல்லின் ஈயத்திலிருந்து கணக்கிட்டு 1956-இல் வெளியிட்டவர் அவர். சிர்கானின் ஈயத்தை அளக்கத் தொடங்கியபோது எண்கள் கன்னாபின்னாவென்று வந்தன. காரணம் கல்லில் இல்லை, அறைக் காற்றிலும் பாத்திரத்திலும் தோலிலும் இருந்த ஈயத்தில் இருந்தது. பல ஆண்டு பாடுபட்டு மாசற்ற ஆய்வறையைக் கட்டி எழுப்பினார். பெட்ரோலில் கலந்த ஈயம் உலகமெங்கும் பரவியிருக்கிறது என்ற உண்மையும் அந்த உழைப்பின் வழியில்தான் அவருக்குத் தெரிந்தது, அதற்காக ஆயுள் முழுக்கப் போராடினார். இன்று நம் பிள்ளைகள் ஈயமில்லாத பெட்ரோல் புகையைச் சுவாசிப்பதில் ஒரு நிலவேதியியலாளருக்குப் பங்குண்டு.

புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் குன்று குன்றாகக் கல்குவாரிக்குப் போகிறது. கிரஷரில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் மாறி வீடாகிறது. வீடு கட்டக் கல் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குன்றின் வரிகளும் கறுப்புத் திட்டுகளும் எந்தத் திசையில் ஓடின என்று ஒரு படமும் ஒரு கைப்பிடிக் கல்லும் இடக்குறிப்பும்கூட எடுக்காமல் அது மறைவது எனக்குத் தாங்கவில்லை. ஜல்லியான பிறகும் சிர்கான் சாகாது, வயதும் சொல்லும். எந்த ஊர்ப் பாறை என்பது மட்டும் போய்விடும்.

இதைவிடப் பெரிய வெற்றிடம் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஊர்களுக்குக் கீழே இருக்கிறது. செம்புராங்கல்லுக்கும் மணற்கல்லுக்கும் அடியில் புதைந்த அடித்தளம் வெளியில் எங்கும் தலை நீட்டுவதில்லை. அதைத் தொட நமக்கு இருக்கும் ஒரே வழி ஆழ்துளைக் கிணறு. போர் வண்டி வந்து, மேல்மண்ணுக்குக் கேசிங் இறக்கி, கடினப் பாறையில் துளைக்க ஆரம்பித்ததும் வெளியே பறக்கிற சாம்பல் நிறத் தூளும் சில்லுகளும் உண்மையில் அந்தப் புதைந்த பாறையின் துண்டுகள். தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அதை வாசலிலேயே மிதித்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ போர் போடும்போது, பாறை தட்டிய உடனே வரும் தூளை எடுக்கவேண்டாம், மேலேயிருந்து விழுந்த மணல் அதில் கலந்திருக்கும். பாறைக்குள் இருபது, முப்பது அடி போன பிறகு வருவதில் அரை வாளி பிடியுங்கள். ஓட்டுநரிடம் ஆழத்தைக் கேட்டு, ஊர் பெயர், தேதி, பாறை தட்டிய ஆழம், தூள் பிடித்த ஆழம் நான்கையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். பேனா மை அழியும், பென்சிலால் எழுதுங்கள். பக்கத்துக் கல்லூரியில் நிலவியல் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். அரை வாளித் தூளில் வரிசை கட்டும் அளவுக்குச் சிர்கான் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சில்லுகளில் கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிந்தால் இரண்டு பையாகக் கட்டுங்கள்.